ஓடிய தூரமும் ஓடிய மண்ணும்

கோவில்பட்டியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

முன்வரிசையில் மெக்கானிக் அண்ணாச்சிமார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நான் சொல்லப்போவதில் பாதி, உங்களைப் போன்றவர்களின் பட்டறை வாசலில் நின்று கற்றது. எங்காவது இடறினால் இடைமறியுங்கள். பின்வரிசைத் தம்பிகளுக்கும் தூக்கம் வராது.

பழைய மோட்டார் சைக்கிளுக்கு என்ன விலை கொடுக்கலாம்? இந்தக் கேள்விக்கு அச்சடித்த விடை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். வண்டி களவுபோனால் கம்பெனி தருகிற உச்சத் தொகை அது. அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. ஐந்து வயது தாண்டிய வண்டிக்குக் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. கணக்கு கைவிரித்த இடத்தில்தான் இன்றைக்கு நமக்கு வேலை.

ஸ்பிளெண்டர் போன்ற வண்டி என்றால் அதற்குப் பிறகும் சிக்கல் இல்லை. எந்த வருஷ வண்டி எவ்வளவு போகும் என்று டீக்கடையில் கேட்டால் தெரிந்துவிடும். ஆட்டோ கன்சல்டிங் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்வார், ஐந்நூறு ரூபாய்கூட முன்பின் இருக்காது. ஆயிரம் பேர் வாங்கி ஆயிரம் பேர் விற்கிற பண்டத்துக்கு விலை தானாக உட்கார்ந்துவிடும். தார்ச் சாலையிலும் ஓடும், காட்டுப் பாதையிலும் ஓடும் என்று செய்யப்பட்ட டூயல் ஸ்போர்ட் வண்டிக்கு அப்படி ஒரு விலை உட்காருவதில்லை. ஒருவர் எண்பதாயிரம் என்பார், இன்னொருவர் அதே வண்டியை நாற்பதுக்குக் கேட்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

உலகத்தில் இந்த வகை வண்டி பழசுதான். யமஹாவின் டி.டி.1 வந்தது 1968இல். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து கிளம்பிய முதல் டாக்கர் பந்தயத்தில் பாலைவனத்தைக் கடந்து ஜெயித்ததும் ஒரு யமஹா எக்ஸ்.டி. 500தான். இந்தியாவுக்குத்தான் தாமதம். ஹோண்டாவைப் பிரிந்த ஹீரோ, 2011இல் இம்பல்ஸைக் கொண்டுவந்தது. பிரேசிலில் ஹோண்டா விற்ற என்.எக்ஸ்.ஆர். 150 பிராஸ் என்ற வண்டியின் வழிவந்தது. 149.2 சி.சி., 134 கிலோ, டெல்லி ஷோரூம் விலை 66,800 ரூபாய். நிலம் தாண்டும் உயரமும் சஸ்பென்ஷனும் அருமை, ஆனால் தூக்கிவைத்த உடம்புக்கு இன்ஜின் சிறிசு. 840 மில்லிமீட்டர் உயர சீட்டில் வேட்டி கட்டியவர் காலைத் தூக்கிப் போட முடியாது. சேலை கட்டியவர் பின்னால் ஏறுவது அதைவிடப் பாடு. சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் நின்றுபோனது. 2016இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், 411 சி.சி., 1.55 லட்சம் அளவில். 2019 மே மாதம் ஹீரோவே எக்ஸ்பல்ஸ் 200 என்று திரும்பி வந்தது. கார்புரேட்டர் வண்டி 97,000, ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எஃப்.ஐ.) வண்டி 1.05 லட்சம். இன்று கைமாறுகிற பழைய டூயல் ஸ்போர்ட் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இவையெல்லாம் வருவதற்கு முன்பே நம் கரிசல் காட்டில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த வண்டி ஒன்று உண்டு. டி.வி.எஸ். 50, அதன் பிள்ளை எக்ஸ்.எல். உர மூட்டை, பருத்திப் பொதி, ஆட்டுக்குட்டி, அதற்கு மேல் அப்பத்தா என்று ஏற்றிக்கொண்டு வரப்பு மேல் போன வண்டியை யாரும் அட்வென்சர் என்று கூப்பிடவில்லை. அதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும்.

சரி, வண்டியை எப்படி மதிப்பிடுவது? எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவரைப் பாருங்கள். விற்கிறவர் சொல்கிற வயதைக் காதில் வாங்கிக்கொண்டே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்துவார். மோட்டார் சைக்கிளில் கிலோமீட்டர் மீட்டர் என்பது விற்கிறவர் சொல்கிற வயது மாதிரி. கேபிளில் ஓடும் பழைய மீட்டருக்குக் கேபிளைக் கழற்றினால் போதும், டிஜிட்டல் மீட்டரைத் திருப்பவும் ஆள் இருக்கிறார்கள். மீட்டர் உண்மையே சொன்னாலும், எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் சொல்லும். எந்த மண்ணில் என்று சொல்லாது. நான்குவழிச் சாலையில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ஓடிய நாற்பதாயிரம் கிலோமீட்டரும், விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் உள்ளே மிளகாய்க் காட்டில் ஓடிய எட்டாயிரமும் ஒன்றா?

அதனால் முதலில் மண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். விற்பனைக்கு வருகிற வண்டியை வாட்டர் வாஷ் செய்து, பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு தடவித்தான் நிறுத்துவார்கள். தண்ணீர் பீய்ச்சினாலும் போகாத இடங்கள் சில இருக்கின்றன. இன்ஜினின் இடது பக்கம் சின்ன ஸ்பிராக்கெட்டை மூடியிருக்கும் மூடி அதில் முக்கியமானது. இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும். உள்ளே கிரீஸோடு குழைந்து அப்பியிருக்கும் மண் வண்டியின் ஜாதகம். கறுப்பாகப் பிசின் மாதிரி இருந்தால் நம் பக்கத்துக் கரிசல் வண்டி. செம்மணலாக இருந்தால் சாத்தான்குளம், குதிரைமொழித் தேரிப் பக்கம் திரிந்திருக்கிறது. வெள்ளைப் பூப்பும் போல்ட் தலைகளில் மரவட்டை நிறத் துருவும் தெரிந்தால் தூத்துக்குடி, வேம்பார் உப்பளக் காற்றைக் குடித்த வண்டி. பெயிண்ட் எவ்வளவு மினுங்கினாலும் நான் அதைத் தொடமாட்டேன். நம்பர் பிளேட்டில் டி.என். 96 இருந்தால் கோவில்பட்டி, டி.என். 69 இருந்தால் தூத்துக்குடி என்று எல்லோருக்கும் தெரியும். வண்டி பதிவானது ஓரிடம், பாடுபட்டது வேறிடம் என்று ஆகிவிடுவதால் நம்பர் பிளேட்டை நான் பாதிதான் நம்புவேன்.

கரிசல் மண் வண்டியை என்ன செய்கிறது? இதில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுக்குள் போன வண்டியின் சக்கரத்தில் இந்தக் களி சுற்றிச் சுற்றி ஏறி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் உருளாது, வண்டி அப்படியே நிற்கும். நம் ஆட்கள் பலர் மழைக்காலத்தில் முன் மட்கார்டையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது இதனால்தான். டயருக்கு ரொம்ப மேலே தூக்கி வைத்த இம்பல்ஸின் மட்கார்டு அலங்காரத்துக்கு வந்ததல்ல. ஹிமாலயனில் மூக்கு மாதிரி மேலே ஒன்று இருந்தாலும் டயரை ஒட்டி இன்னொன்றும் இருக்கும். கரிசலில் அது தொல்லை. அதைக் கழற்றிய அடையாளம் தெரிந்தால் வண்டி ஈரக் காட்டில் உழைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சக்கரம் நின்றுபோவதைவிடக் கெடுதல் பிறகு நடக்கிறது. அப்பிய களி, ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். மோனோஷாக் லிங்கேஜ் உள்ள வண்டிகளில் அந்த இணைப்புகள் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால், மண் தெறிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. கிரீஸ் கழுவிப்போய்த் துரு பிடித்து இறுகிவிடும். இன்ஜினைக் குளிரவைக்கிற பட்டைகளுக்கு நடுவில் களி காய்ந்து உட்கார்ந்தால் சித்திரை வெயிலில் இன்ஜின் கொதிக்கும். களியை எடுக்க வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சுகிற தண்ணீர், சீலைத் தாண்டி பேரிங்குக்குள் போய்விடும். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பேரிங்கைக் கொன்றவர்கள் ஏராளம். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ஹிமாலயனில் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறது. எக்ஸ்பல்ஸுக்கு ஒரு தம்பியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'டொக் டொக்' என்று கைக்குத் தெரிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ, சக்கர பேரிங்கோ போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கோன் செட் தேய்ந்துவிட்டது. கெட்ட பாதையில் அடி வாங்கிய வண்டிக்கு இது முதல் அடையாளம்.

பல்லையும் பாருங்கள். ஆட்டுக்கு வாய்க்குள் என்றால் வண்டிக்குப் பின் ஸ்பிராக்கெட்டில். செயினைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் பாதிப் பல் வெளியே தெரியக்கூடாது. பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் முழு செட்டும் மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். 'டிங்' என்ற இடத்தில் 'டப்' என்று வந்தால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயை விரலால் தடவுங்கள். எண்ணெய் வந்தால் சீல் மாற்றினால் தீரும். நகத்துக்குத் துருக் குழி தட்டினால் எத்தனை சீல் மாற்றினாலும் கிழித்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் செலவில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். கீழே குனிந்து, இன்ஜினைக் காக்கும் பேஷ் பிளேட்டின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். மீட்டரைத் திருப்பத் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிற கீறலை அழிக்க மெனக்கெடுவதில்லை.

மழை ஒரு பக்கம் என்றால், கோடையில் கரிசல் தூசி. மாவு மாதிரி மெலிசு. ஏர் ஃபில்டரைச் சரியாக உட்கார வைக்காமல் ஒரு கோடை ஓட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோகும். ஃபில்டர் புதிதாக இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார், அதைப் பார்க்காதீர்கள். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகிற குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் தூசி வந்தால் அந்தத் தூசி இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போக வேண்டும், போகும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "அண்ணாச்சி, இப்பத்தான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன், சூடா இருக்கு" என்றால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் பேசுகிற அளவுக்குச் சூடான இன்ஜின் பேசாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவுக் கண்ணாடியில் பால் கலந்த டீ மாதிரித் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இப்போது உதிரிப் பாகம். நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரியாத மதிப்பு இதுதான். இம்பல்ஸின் இன்ஜின், ஹீரோவின் ஹங்க் வண்டி இன்ஜினின் குடும்பம்தான். அதனால் பிஸ்டன், கிளட்ச் பிளேட் என்று வந்தால் நம் ஊர்க் கடையிலேயே வழி பிறக்கும். அந்த வண்டிக்கென்றே செய்த டேங்க், பக்கத்து மூடி, ஹெட்லைட் கூடு என்றால் தேடித் திரிய வேண்டியதுதான். ஆகவே இம்பல்ஸ் வாங்கும்போது மற்ற வண்டிக்கு நேர்மாறாகப் பார்க்க வேண்டும். இன்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டாலும் பரவாயில்லை, உடம்பு முழுசாக இருக்க வேண்டும். ஸ்பிளெண்டரில் மூடி உடைந்ததற்கு இருநூறு, முந்நூறு குறைப்போம். இம்பல்ஸில் அதே உடைசல் பேரத்தையே மாற்ற வேண்டிய விஷயம். ஹிமாலயனில் 2016, 2017 தொடக்க வண்டிகள்மேல் நிறையப் புகார்கள் வந்தன, பிறகு வந்தவற்றில் நிறுவனம் பலவற்றைத் திருத்தியது. 2017 செப்டம்பரில் எஃப்.ஐ. வந்தது. அந்தத் தொடக்க வண்டிகள் மலிவாகத்தான் கிடைக்கும், மலிவாகத்தான் கிடைக்கவும் வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

முள்ளை மறந்துவிட்டுக் கரிசல் வண்டியைப் பேச முடியுமா? சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விட்டுவைக்காது. மூன்று வண்டிகளுக்கும் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் மாதிரி முள்ளைப் பிடுங்கித் திரி சொருகிவிட்டுப் போக முடியாது, சக்கரத்தையே கழற்ற வேண்டும். எக்ஸ்பல்ஸுக்கும் ஹிமாலயனுக்கும் முன்னால் 21 அங்குலச் சக்கரம். அந்த அளவு டியூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் தொங்காது. வண்டியோடு ஒரு மாற்று டியூப், டயர் லீவர் இரண்டு, சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இவற்றை ஒருவர் சேர்த்துக் கொடுத்தால் அவர் காட்டுக்குப் போனவர், விவரமானவர் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கைக்கு நான் ஆயிரம் ரூபாய் கூடவே கொடுப்பேன்.

இன்னொரு பேச்சு உண்டு: "லடாக் போய் வந்த வண்டி." ஸ்டிக்கரெல்லாம் ஒட்டியிருக்கும். சொல்பவருக்கு அது பெருமை. வாங்குபவருக்கு, ஆற்றுத் தண்ணீருக்குள் இறங்கிய வண்டி என்று பொருள். இதற்கு எதிர்முனையில், சென்னை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மூன்று வருஷம் உறை போட்டு நின்ற வண்டி. நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, கம்பெனி கண்டிஷன் என்று சொல்வார்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும். அந்த வண்டியைவிட, ஒரே மெக்கானிக்கிடம் வருஷா வருஷம் போய்வந்த முப்பதாயிரம் கிலோமீட்டர் கரிசல் வண்டியைத்தான் நான் எடுப்பேன்.

இந்த இடத்தில் யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றி யாராவது கேட்பீர்கள். 1996இல் நின்றுபோன வண்டிக்கு இன்று கேட்கிற விலை வண்டிக்கான விலை இல்லை, நம் வாலிபத்துக்கான விலை. இம்பல்ஸுக்கும் மெல்ல அந்த மோகம் தொடங்கியிருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொள்ள வாங்குபவர் கொடுக்கட்டும். காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளக்கூடாது.

கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2019 எக்ஸ்பல்ஸ் ஒன்று, எழுபதாயிரம் கேட்கிறார்கள். அந்த எழுபதிலிருந்து பேரத்தைத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. எழுபது என்பது விற்கிறவருடைய ஆசை. அதே வருஷ வண்டி, நல்ல நிலையில், சமீபத்தில் நிஜமாகக் கைமாறியது எவ்வளவுக்கு என்று இரண்டு மூன்று மெக்கானிக்குகளிடம் விசாரியுங்கள். அறுபத்தைந்து என்று வைப்போம். டயர் இரண்டும் டியூபும் ஏழாயிரம், செயின் செட் மூவாயிரம், ஃபோர்க் சீலும் ஆயிலும் ஆயிரத்தைந்நூறு, கோன் செட் கூலியோடு ஆயிரத்தைந்நூறு. பதிமூவாயிரம் போக ஐம்பத்திரண்டு. திறந்து பார்க்காத இன்ஜினுக்காக ஐயாயிரம் கழித்தால் நாற்பத்தேழு. சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கூலி மிச்சம், அவர் ஐம்பதுவரை ஏறலாம். வண்டி நின்றால் அன்றைக்குப் பால் ஊற்றப் போக முடியாது என்கிற நிலையில் இருப்பவர் நாற்பதுக்கு மேல் ஏறக்கூடாது, சொல்லப்போனால் அவர் இந்த வண்டியையே வாங்கக்கூடாது. முதலில் சொன்னேனே, எண்பது என்பவரும் நாற்பது என்பவரும் பொய் சொல்லவில்லை என்று, காரணம் இதுதான்.

இன்சூரன்ஸையும் கணக்கில் சேருங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2019 வண்டிக்கு அது 2024லேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்க 2022 ஜூன் கட்டணப்படி, வரி நீங்கலாக, 150 சி.சி.க்குள் 714 ரூபாய், 350க்குள் 1,366, அதற்கு மேல் 2,804. இம்பல்ஸ் முதல் வகுப்பில் மயிரிழையில் தப்பிவிடுகிறது. ஹிமாலயனுக்கு வருஷா வருஷம் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

வயதும் அப்படித்தான். பதிவுச் சான்று 15 ஆண்டுக்கு. 2011 கடைசியில் பதிவான இம்பல்ஸுக்கு 2026 கடைசியில் அது முடிகிறது. அதன்பின் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, பசுமை வரி கட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். காட்டத் தகுதியான நிலையில் வண்டி இல்லையென்றால் இரும்பு விலைதான். பெங்களூரிலிருந்து மலிவாக ஹிமாலயன் வருகிறது என்று துள்ளுகிறவர்கள், அங்கே படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் திரும்ப ஆயுள் வரி கட்டிய பிறகு எவ்வளவு மலிவு என்று எண்ணிப் பார்க்கட்டும். ஃபைனான்ஸ் வண்டி என்றால் படிவம் 35இல் கடன் கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். சேஸ் நம்பரை ஹேண்டில் கழுத்தில் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டால் முடிந்தது என்று நம் பக்கம் ஒரு பழக்கம். படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அது புரோக்கர் மேசையில் கிடக்கும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. நவீன் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. நாற்பத்தேழாயிரத்துக்கு விற்ற வண்டிக்காகப் பல லட்சம் கட்ட நேரிடலாம். வாங்குபவரோடு நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், பெயர் மாறிய நகலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. மெக்கானிக் அண்ணாச்சிமார் என் கணக்கில் எந்தக் கூலியைக் குறைத்துப் போட்டேன் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். முதல் கேள்வி உங்களிடமிருந்தே வரட்டும்.